பத்திரத்தில் எழுதிய விலை

2016-இல் எங்கள் தோட்டத்தை ஒட்டியிருந்த 40 செண்ட்டைப் பங்காளி ஒருவரிடம் வாங்கினேன். செண்ட் 28,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். பத்திரத்தில் 6,000 என்று எழுதினோம். வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு குறித்துவைத்திருக்கும் விலை, அவ்வளவுதான். பத்திரம் எழுதுகிறவர் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்கக்கூட இல்லை. வழிகாட்டி மதிப்பைப் பார்த்து அவரே நிரப்பிக்கொண்டார். அப்போது முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக நூற்றுக்கு 8 ரூபாய். முழு விலையையும் எழுதாததால் எனக்கு 70,400 ரூபாய் மிச்சம். அதில் சொட்டுநீர்க் குழாய் போட்டேன். நல்ல வியாபாரம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு வருஷத்தில் நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தது. வாங்கின 40-இல் 31 செண்ட்டும், அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்துப் பூமியில் 1 ஏக்கர் 12 செண்ட்டும் அதில் போயின. கொங்குநாட்டில் ஒரு புஞ்சைக் கிராமம் எங்களுடையது. ஊரையும் அலுவலகத்தையும் பெயர் சொல்லி எழுதவில்லை. எனக்கு இன்னும் அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

சேதி எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அரசிதழில் வந்ததும் தெரியாது, செய்தித்தாளில் வந்ததும் தெரியாது. கிராம உதவியாளர் டீக்கடையில் வைத்து, "ஏனுங், உங்க சர்வே நம்பரெல்லாம் லிஸ்ட்ல இருக்குதுங்களே, பாக்கலீங்களா?" என்றார். அன்றைக்கே 21 நாளில் 9 நாள் போய்விட்டிருந்தது.

அந்த 21 நாள் எதற்கு என்பது ஊரில் யாருக்கும் தெரியவில்லை. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன்படி, நிலம் எடுக்கும் எண்ணத்தை அரசு அறிவிப்பது 3ஏ பிரிவு. அது வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம், அது 3சி. ஊரே திரண்டு போய், "ரேட்டு கட்டாது, செண்ட்டுக்கு 50,000 வேணும்" என்று மனுக் கொடுத்தோம். எல்லாம் தள்ளுபடி. இந்தக் கட்டத்தில் விலையைப் பற்றிப் பேச இடமே இல்லை. நிலத்தை எடுக்கலாமா, வேறு பக்கம் தள்ளிப் போகலாமா, அளவும் சர்வே எண்ணும் சரியா என்பதுதான் கேள்வி. எங்களில் ஒரே ஒரு பெரியவர் மட்டும், "என் கிணறு உங்க கோட்டுக்கு உள்ளே ஆறடி வருது, எதிர்ப்பக்கம் புறம்போக்கு கெடக்குது" என்று புலப்பட (சர்வே எண்ணின் நில வரைபட) நகலோடு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வகுப்புப் படித்தவர். கோடு நகர்ந்து அவர் கிணறு தப்பியது. பட்டதாரிகள் நாங்கள் 50,000 கேட்டுக்கொண்டிருந்தோம்.

3ஏ வந்த ஒரு வருஷத்துக்குள், நிலத்தை எடுத்தாயிற்று என்று சொல்லும் 3டி அறிவிப்பு வர வேண்டும், இல்லையென்றால் 3ஏ காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 3டி வந்த நிமிஷமே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. நாம் அதில் உழுதுகொண்டிருப்போம், ஆனால் அது நம்முடையது இல்லை. வீட்டுக்குள் பாகம் பிரிக்க வேண்டியதோ, பட்டா மாற்ற வேண்டியதோ இருந்தால் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முடித்திருக்கவில்லை. அப்பாரு 1994-இல் காலமானார். பட்டா அதுவரைக்கும் அவர் பெயரில்தான். அப்பா, சித்தப்பா, அத்தைகள் இரண்டு பேர், ஆக நாலு வாரிசு. அப்பாவும் 2009-இல் போய்விட்டார். விசாரணைக்குப் போன இடத்தில் எழுத்தர், "பட்டா இன்னும் உங்க தாத்தா பேர்லயே இருக்குதுங்களே, அவருக்குத்தான் நோட்டீஸ் போயிருக்கு" என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே அப்பாரு பெயருக்கு நோட்டீஸ் வந்திருந்தது.

சித்தப்பா அத்தைகளைப் பற்றி, "அவங்களுக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே, எதுக்குப் பேரு சேக்கோணும்" என்றார். அப்பாரு சொந்தமாகக் கிரயம் வாங்கின பூமி அது. உயில் எழுதாமல் போனார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. சீர் செய்தது வேறு கணக்கு. பெரிய அத்தை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, "என்னைக் கேக்காமயே கையெழுத்து வாங்கிருவீங்கன்னு நெனச்சேன் கண்ணு" என்றார். அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. வாரிசுச் சான்று வாங்கி, நாலு பங்கும் சரிசமம் என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்புதலைக் கொடுத்தோம். பக்கத்துத் தோட்டத்தில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. பங்கில் சண்டை வந்தால் அதிகாரி தீர்க்க மாட்டார். மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார், பணமும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அவர்கள் பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து மரக்கணக்கு. ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்ற கதை இது. நிலத்துக்கு ஒரு விலை, அதில் இருக்கும் மரம், கிணறு, வீடு, குழாய்க்குத் தனித்தனி மதிப்பீடு. கட்டடத்தையும் கிணற்றையும் பொதுப்பணித்துறைக் கணக்கில் மதிப்பிட்டார்கள், தென்னைக்குத் தோட்டக்கலைத்துறை. முதலில் வந்த பட்டியலில் எங்கள் தென்னை 41. எண்ணிப் பார்த்தால் 63. கிராமத்துப் பயிர்க்கணக்கான அடங்கலைப் பார்த்தேன், அந்த சர்வே எண்ணில் பாதிக்கு "தரிசு" என்று இருந்தது. வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கிறது, ஒரு வருஷமாவது நான் போய் அடங்கலைப் பார்த்திருப்பேனா? மழை பெய்ததா, விளைந்ததா என்று பார்ப்பேன். கிராமக் கணக்கில் என் பூமி தரிசாகக் கிடந்தது எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் போட்டுப் படம் எடுத்தேன். மறு அளவீடு கேட்டு எழுதிக் கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்கினேன். அவர்கள் வந்தபோது கூடவே நடந்தேன். 58 ஒத்துக்கொண்டார்கள், 5 கன்று என்று கழித்தார்கள். அது நியாயம்தான், கன்றுதான். பூமிக்குள் புதைத்த பி.வி.சி. குழாய் மட்டும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. தோண்டிக் காட்டி, வாங்கின ரசீதைக் கொடுத்த பிறகு வந்தது. ரசீது வைத்திருந்தது என் புத்திசாலித்தனம் இல்லை. அம்மா எதையும் தூக்கிப்போட மாட்டார்.

கிணற்றில் இலவச மின் இணைப்பு இருந்தது. அது எவ்வளவு வருஷம் காத்திருந்தால் கிடைக்கும் என்பது விவசாயிக்குத் தெரியும். அதை மீதி நிலத்துக்கு மாற்றித் தரச்சொல்லி, கிணறு மூடும் முன்பே மனுக் கொடுத்துவிட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் அதை விட்டுவிட்டு, இன்றைக்கு டீசல் மோட்டார் ஓட்டுகிறார்.

இனி விலைக்கு வருகிறேன். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு 1956 சட்டத்தில்தான் எடுப்பார்கள், ஆனால் 2015 முதல் இழப்பீட்டைக் கணக்கிடுவது இந்த 2013 சட்டப்படி. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மாநில நெடுஞ்சாலைக்கு 2001 சட்டம், தொழிற்பேட்டைக்கு 1997 சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு 1978 சட்டம் என்று தனித்தனி உண்டு. இவை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. அரசு மறுபடி சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் தொகையைத் தேடாமல், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதல் வரியைப் படியுங்கள். கெடு, மேல்முறையீடு எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

கணக்கு இப்படிப் போகிறது. வழிகாட்டி மதிப்பு ஒன்று. அதே ஊரில் அல்லது அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலத்துக்கு முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான கிரயப் பத்திரங்களை எடுத்து, அதில் விலை அதிகமான பாதியை மட்டும் சராசரி பார்ப்பது இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. எங்கள் விஷயத்தில் தேதி 3ஏ வந்த 2018 மார்ச். கிராமப்புறமானால் நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்து அதை 1 முதல் 2 வரை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அதோடு மரம், கட்டடம் சேரும். வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. அதுபோக, சந்தை மதிப்பின் மேல் வருஷத்துக்கு 12 சதவீதம்.

"நாலு மடங்கு கிடைக்கும்" என்று ஊரில் பேசியது இதைத்தான். எந்தத் தொகைக்கு நாலு மடங்கு என்று யாரும் கேட்கவில்லை. பெருக்கும் எண் 2 ஆனால்தான் நாலு மடங்கு வரும். எங்களுக்குப் போட்டது 1.25, ஆகவே மொத்தம் இரண்டரை மடங்கு.

இதில் எங்களுக்கு இன்னொரு அடி. 2017 ஜூன் 9 முதல் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்கினார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் காட்டுக்கு 6,000 இருந்தது 4,020 ஆனது. ஒன்பது மாதம் கழித்து 3ஏ. பிறகு 2024 ஜூலை 1-இல் மதிப்புகளைத் திருத்தினார்கள், எங்களுக்கு அதனால் பயனில்லை.

2019 நவம்பரில் தீர்வாணை வந்தது, எங்கள் பேச்சில் அவார்டு. செண்ட் 6,000 என்று சந்தை மதிப்பு வைத்திருந்தார்கள். 1.25-ஆல் பெருக்கி 7,500, ஆறுதல் தொகை சேர்த்து 15,000. 20 மாதத்துக்கு 12 சதவீதக் கணக்கில் 1,200. ஆக 16,200. நான் வாங்கின 31 செண்ட்டுக்கு 5,02,200 ரூபாய். அதே 31 செண்ட்டுக்கு நான் 2016-இல் கையில் எண்ணிக் கொடுத்தது 8,68,000.

ஊரில் ஒரு ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் இருக்கிறார், மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனக்கிற?" என்றார்.

"அரசாங்கம் போட்டதுங்க மாமா."

"நீ போட்டது. 2016-ல நீயே கையெழுத்துப் போட்டது."

பிறகுதான் வேலையில் இறங்கினோம். எந்தப் பத்திரங்களை வைத்துச் சராசரி போட்டீர்கள், அந்தப் பட்டியலையும் நிராகரித்த பத்திரங்களையும் அதற்கான காரணத்தையும் கொடுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள் கெடு. எனக்கு 50-ஆவது நாள் பதில் வந்தது, அதுவும் முதல் மேல்முறையீடு போட்ட பிறகு. அதற்குள் மாமா என்னை பிரவுசிங் சென்டரில் உட்கார வைத்துவிட்டார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். எங்கள் கிராமத்தில் அக்கம்பக்கத்து சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, 2015 மார்ச் முதல் 2018 மார்ச் வரை என்னென்ன கிரயம் நடந்தது என்று நோட்டில் எழுதினோம். மூன்று நாள் ஆனது. தானம், பாகப்பிரிவினை, விடுதலையெல்லாம் கழித்துவிட்டால் 14 கிரயம்.

அந்த 14-இல் மூன்றுதான் உருப்படியான விலை. ஒன்று 24,000: வங்கிக் கடனில் வாங்கியது, அதனால் உள்ள விலையை எழுதியிருந்தார்கள். ஒன்று 18,000: தேங்காய் நார் மில்லுக்கு வாங்கியது. ஒன்று 12,000: சென்னையில் வேலையில் இருக்கும் பையன், பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று வாங்கியது. மற்ற பதினொன்றும் வழிகாட்டி மதிப்புதான், ஆறாயிரமோ அதற்குக் கீழோ. அலுவலகம் இந்த மூன்றையும் "இயல்பான விலையைக் காட்டவில்லை" என்று ஒதுக்கிவிட்டு, மீதியில் மேல்பாதிக்குச் சராசரி பார்த்திருந்தது. அப்புறம் எப்படி ஆறாயிரத்தைத் தாண்டும்?

ஒதுக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டா என்றால் உண்டு. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சாலை வரப்போகிறது என்று மோப்பம் பிடித்தவர்கள், 3ஏ-க்கு நாலு மாதம் முன்னால் மச்சானுக்கும் மாமனுக்கும் எட்டு மடங்கு விலை போட்டுப் பத்திரம் செய்துவைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஆனால் எங்கள் மூன்று பத்திரத்தில் அப்படி ஒன்றுமில்லை. அதைக் காட்ட வேண்டியது எங்கள் வேலையானது.

நெடுஞ்சாலைச் சட்டத்தில் அவார்டு தொகை பிடிக்கவில்லை என்றால் நடுவரிடம் போக வேண்டும். நடுவரை மத்திய அரசு நியமிக்கிறது, பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். எங்களில் பாதிப்பேர், "அதுவும் கவர்மென்ட்டுதான், நேராக் கோர்ட்டுக்குப் போய்க்கலாம்" என்று நடுவர் விசாரணையைச் சம்பிரதாயமாக விட்டுவிட்டார்கள். இது பெரிய தப்பு. நடுவர் தீர்ப்புக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், அது சிவில் மேல்முறையீடு மாதிரி இல்லை. 1996 நடுவர் சட்டத்தின் 34-ஆவது பிரிவு அது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நிலம் பற்றிய வழக்கொன்றில், சதுர மீட்டருக்கு 46.55 ரூபாயிலிருந்து 83.15 ரூபாய் வரை கொடுத்திருந்தார்கள், அதாவது செண்ட்டுக்குச் சுமார் 1,900 முதல் 3,400 வரை. நடுவரும் அதையே உறுதி செய்தார். மாவட்ட நீதிமன்றம் சதுர மீட்டருக்கு 645 ஆக்கியது, செண்ட்டுக்கு 26,100. ஆனால் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 34-ஆவது பிரிவில் தீர்ப்பை ரத்து செய்யலாமே தவிரத் தொகையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த விவசாயிகளின் பணத்தில் மட்டும் கை வைக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சில வரம்புகளுக்குள் மாற்றலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் சாட்சியத்தையெல்லாம் வைக்க வேண்டிய இடம் ஆட்சியர் முன்னால்தான். அங்கே வைக்காத பத்திரத்தைப் பிறகு எங்கேயும் வைக்க முடியாது. 34-ஆவது பிரிவுக்குக் கெடு மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

இதற்கு முன்னால் பணம் வாங்கின விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பணத்தை வாங்கினால் விலையை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயந்து சிலர் வாங்கவே இல்லை. வேறு சிலர் நீட்டின தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாள் ஒன்றில் "முழுத் திருப்தியுடன்" என்று அச்சாகியிருந்தது. நான் அதை அடித்துவிட்டு, "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் இழப்பீடு கோரும் உரிமைக்கு உட்பட்டு" என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். எழுத்தர் முறைத்தார். "அப்படியெல்லாம் எழுதக்கூடாதுங்க" என்றார். "அப்ப எழுதக்கூடாதுன்னு நீங்க எழுதிக் குடுத்துருங்க" என்றேன். செக் வந்தது. அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன், பிறகு நகல் வாங்க இரண்டு மாதம் அலைந்தேன்.

2020-இல் நடுவரிடம் மனுப் போட்டோம், கொரோனாவில் ஒன்றரை வருஷம் அப்படியே கிடந்தது. எங்கள் வக்கீல் சின்ன வயசுப் பையன். பேச்சுக் கம்மி. அவர் செய்த ஒரே நல்ல காரியம், கிராமத்துப் புலப்படங்களை ஒட்டி ஒரே தாளாக்கி, எடுத்த நிலத்துக்குச் சிவப்பு, அந்த மூன்று பத்திர நிலத்துக்குப் பச்சை என்று வண்ணம் அடித்தது. 24,000-க்குப் போன நிலம் எங்கள் வேலியிலிருந்து 200 மீட்டர். மண் தரமும் தீர்வையும் ஒன்றே. வாங்கினவர், விற்றவர் இருவருக்கும் உறவில்லை. 3ஏ-க்குப் பதினொரு மாதம் முந்தியது. வங்கிக் கடன் தாள்கள் இருந்தன. ஆட்சியர் அந்த வரைபடத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

2023-இல் தீர்ப்பு. மூன்று பத்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். 14-இல் மேல்பாதி 7: 24,000, 18,000, 12,000, அப்புறம் நாலு 6,000. கூட்டினால் 78,000, ஏழால் வகுத்தால் 11,143. 1.25-ஆல் பெருக்கி, இன்னொரு மடங்கு சேர்த்தால் 27,857. அதன் மேல் 12 சதவீதக் கணக்கு. கூடுதல் தொகைக்கு, நிலத்தைக் கையகப்படுத்திய நாளிலிருந்து 9 சதவீத வட்டி. ஊரில் பட்டாசு வெடித்தார்கள்.

நான் அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாலு 6,000-இல் ஒன்று என்னுடையது. நான் மட்டும் 28,000 என்று எழுதியிருந்தால் கூட்டல் 1,00,000, சராசரி 14,286. செண்ட்டுக்கு 3,143 கூடுதல், இரண்டரை மடங்கில் 7,857. என் 31 செண்ட்டுக்கு மட்டும் 2,43,000-க்கு மேல். 70,400 மிச்சம் பிடிக்கப் போய் இழந்தது அது. என் நஷ்டம் என்னோடு போகட்டும். இந்த 7,857 அந்த ஊரில் நிலம் கொடுத்த ஒவ்வொருத்தருக்கும், ஒவ்வொரு செண்ட்டுக்கும் குறைந்தது. கிணற்றைக் காப்பாற்றிய பெரியவருக்கும் அத்தைகளுக்கும் சேர்த்துத்தான். இதை இதுவரை மாமாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

சில்லறை விஷயங்கள் சில உண்டு. அவார்டு வருவதற்கு முன்பே, "ரேட்டை ஏத்தித் தர்றோம், பத்து பர்சன்ட் குடுங்க" என்று தேதி போடாத செக் கேட்டு ஆட்கள் வருவார்கள். கொடுத்தவர்கள் வீட்டில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. 2013 சட்டத்தின் 96-ஆவது பிரிவு இழப்பீட்டுக்கு வருமான வரி விலக்குத் தருகிறது. வருமானவரி வாரியமும் 2016 அக்டோபரில் 36-ஆம் எண் சுற்றறிக்கையில் அதை உறுதி செய்திருக்கிறது. வட்டித் தொகை வேறு கதை, அதற்கு ஆடிட்டரைப் பாருங்கள். 1997 முதல் 2015 வரை நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு அப்போது ஆறுதல் தொகை கிடைக்கவில்லை. அவர்களுக்கும் உண்டு என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை இனிமேல் வரும் வழக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற கோரிக்கையை 2025 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. வீட்டில் பழைய அவார்டு நகல் கிடந்தால் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

மீதியான 9 செண்ட் முக்கோணமாகச் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நிலம் துண்டுபட்டதற்குத் தனியாக இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நாங்கள் முதல் மனுவில் அதை எழுதவில்லை, பிறகு கேட்டபோது ஏற்கவில்லை. அங்கே போக ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி, அடிப்பாலம் வழியாக வர வேண்டும். ஆடு ஓட்டிக்கொண்டு போனால் காலை நேரம் முழுக்க வழியிலேயே போய்விடும். ஆமணக்கு விதைத்து விட்டிருக்கிறேன்.

வந்த பணத்தில் போன வருஷம் பக்கத்து ஊரில் 50 செண்ட் பார்த்தோம். செண்ட் 45,000. நான் முழு விலையையும் எழுதச் சொன்னேன். விற்பவர் பயந்துவிட்டார், வரி வரும் என்று. நகராட்சி எல்லைக்கு வெகுதூரத்தில் இருக்கும் விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்று அவருடைய ஆடிட்டரே சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். தீர்வையும் கட்டணமும் 9 சதவீதம், 2,02,500 ரூபாய். பத்திரம் எழுதுகிறவர் தொகையை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏனுங், ஒரு சைபர் சேந்துருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை.